ஒத்னியும் தெபிலின் இடது கண்ணும்

ஒத்னி பஞ்சைக் கிண்ணத்தில் நனைத்துப் பிழிந்து, நாயின் மூக்கை ஒட்டிய மூலையிலிருந்து காதுப் பக்கமாக ஒரே இழுப்பில் துடைத்தாள். பஞ்சைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். வாளியில் போட்டாள். அடுத்த கண்ணுக்கு வேறு பஞ்சு. ஒரு கண்ணில் பட்டது மறு கண்ணில் படக் கூடாது. அதில் அவள் கறார். கிண்ணத்தில் இருந்தது கொதிக்கவைத்து ஆறிய உப்புத் தண்ணீர், வேறொன்றுமில்லை. முடிந்ததும் நாயின் முதுகில் ஒரு தட்டு. அது எழுந்து போகும். அடுத்தது வந்து அவள் முழங்கால்களுக்கு நடுவே நிற்கும்.

மலைக் குடிசையின் பின்சுவரோரம், காற்றுப் படாத இடத்தில், கவிழ்த்துப் போட்ட மீன்பெட்டியின் மேல் உட்கார்ந்துதான் இந்த வேலை நடக்கும். கோடை முழுக்க மேட்டில் விட்டிருந்த செம்மறிகளைத் திரட்டிக் கீழே கொண்டுவர, செப்டம்பரில் எங்கள் பக்கத்து ஆட்கள் குதிரைகளோடும் நாய்களோடும் ஒரு வாரம் ஏறிப்போவார்கள். அவர்களுக்குக் குடிசையில் சமைப்பவள் ஒத்னி. நான் அவளுக்குக் கூடமாட உதவி. சாயங்காலம் ஆட்கள் திரும்பியதும் முதலில் குதிரைகளுக்குப் புல், பிறகு நாய்களுக்குக் கண், கடைசியில்தான் மனிதர்களுக்குச் சோறு. இந்த வரிசையைப் பற்றி வருடா வருடம் முணுமுணுப்பு எழும்.

"நாய்க்கு வெதுவெதுன்னு தண்ணி. நமக்கு ஆத்துல போய் மூஞ்சி கழுவிக்கன்னு உத்தரவு," என்பான் பிராண்டூர். எங்கள் கூட்டத்தின் வாயாடி அவன்தான்.

"நாய் பூட்ஸோட உள்ள வர்றதில்ல," என்பாள் ஒத்னி, தலையைத் தூக்காமல்.

அவளுக்கு நாய் பிடிக்கும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவள் நாய் வளர்த்ததே இல்லை. கருமணல் வெளியை ஒட்டிய பண்ணை ஒன்றில் பிறந்தாள். அங்கே இருந்த நாய் சிறுவயதில் அவள் தொடையைக் கடித்து வைத்தது. பால் லாரி ஓட்டிய கெய்ரைக் கட்டினாள். அவர் போன பிறகும் அந்த வீட்டிலேயே தனியாக இருக்கிறாள். முதியோர் இல்லத்தில் நான் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளராக இருந்த காலம் முழுக்க அவள் சமையற்கட்டில் இருந்தாள். தட்டுகள் திரும்பி வரும்போது அவள் நின்று பார்ப்பாள். யார் இறைச்சியை விட்டுவிட்டுக் கிழங்கை மட்டும் தின்றிருக்கிறார், யாருடைய தட்டில் இடது பாதி தொடாமல் இருக்கிறது என்று வந்து என்னிடம் சொல்வாள். பல் வலி, பக்கவாதம், பக்கத்துக் கட்டில்காரரோடு சண்டை எல்லாம் அவள் சொல்லித்தான் பாதி எனக்குத் தெரியவரும். எது வெளியே வருகிறதோ அதைப் பார்த்தால் உள்ளே இருப்பது தெரியும் என்பது அவள் கட்சி. அதை அவள் இப்படியெல்லாம் சொன்னதில்லை. பார்ப்பாள், அவ்வளவுதான்.

நாய்களின் கண்ணும் அப்படித்தான் ஆரம்பித்தது. ஏதோ ஒரு வருடம் ஒரு நாய் ஒழுகும் கண்ணை அவள் துவைத்து உலர்த்திய சாக்குத் துணியில் தேய்த்தது. எரிச்சலில் இழுத்துவைத்துத் துடைத்துவிட்டாள். மறுநாள் இன்னொன்று தானாக வந்து நின்றது. அதிலிருந்து வழக்கமாகிவிட்டது.

நாயின் கண்ணில் ஒன்றுமே வரக் கூடாது என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. காலையில் மூலையில் ஒரு பொட்டு சாம்பல் நிறப் பீளை, அல்லது பழுப்பாகக் காய்ந்த பொருக்கு இருக்கும், நமக்கும்தான் இருக்கிறது. காற்றில் அலைந்து வந்தால் இரண்டு கண்ணிலும் தண்ணீராக ஒழுகும். துடைத்துவிட்டு ஓய்வு கொடுத்தால் நின்றுவிடும். அப்படிப்பட்ட நாய் கண்ணை அகலத் திறந்து நம்மைப் பார்க்கும், கையில் ரொட்டி இருக்கிறதா என்று. அதுவரை கவலை வேண்டாம். ஒரு கண்ணில் மட்டும் வந்தால் நிமிர்ந்து உட்கார வேண்டும். வருவது கெட்டியாக, மஞ்சளாகவோ பச்சையாகவோ இருந்தால், துடைத்த சற்று நேரத்தில் மறுபடி சேர்ந்தால், நாய் கண்ணை இடுக்கிக்கொண்டால், முன்காலால் தேய்த்தால், வெள்ளைப் பகுதி சிவந்தால், கருவிழியின் மேல் பால் தெளித்தாற்போல் மங்கினால், வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

இதெல்லாம் எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஒரு கோளாறு. எங்களுக்கு எல்லாவற்றுக்கும் மணல்தான் காரணம். ரொட்டி நறநறத்தால் மணல், கடிகாரம் நின்றால் மணல், கிழவன் இருமினால் மணல். முக்கால்வாசி அது உண்மையாகவும் இருந்துவிடுகிறது. அதனால்தான் மீதிக் கால்வாசியை யாரும் பார்ப்பதில்லை.

நான் சொல்லும் வருடம் வடக்கிலிருந்து வறண்ட காற்று. வெளி முழுக்கக் கருமணல் எழும்பிப் புகைபோல் ஓடியது. நாய்களெல்லாம் அழுதுகொண்டே திரும்பின. ஒத்னி துடைத்துத் துடைத்துப் பஞ்சு தீரும்போல இருந்தது. முதல் நாள் தெபிலும் வந்து நின்றது. ஊல்வாரின் நாய் அது. வெள்ளைக் கழுத்து, தவிட்டு நிற முதுகு, வாலைச் சுருட்டி முதுகில் போட்டிருக்கும். இரண்டு கண்ணிலும் தண்ணீர். இடதில் கொஞ்சம் கூடுதல். "மணல்," என்று சொல்லித் தட்டி அனுப்பினாள் ஒத்னி. அவளும் எங்கள் ஊர்க்காரிதானே.

மறுநாள் தெபில் வரவில்லை. ஆற்றிலேயே துடைத்துவிட்டேன் என்றான் ஊல்வார்.

ஊல்வார் எங்களோடு பள்ளியில் படித்தவன். ஆடு திரட்டப் போகும் இந்தத் தேடலை நடத்துகிறவனை நாங்கள் மலை ராஜா என்போம், அவன்தான் அது. யார் எந்தச் சரிவில் போவது, எப்போது கிளம்புவது, எப்போது பனிமூட்டம் விலகக் காத்திருப்பது எல்லாம் அவன் சொல். பேச்சு குறைவு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எப்போதும் தன் நாயைத்தான் முதலில் கண் துடைக்க அனுப்புவான். அது ஒன்றில்தான் ராஜா என்ற பதவியை அவன் பயன்படுத்திக்கொள்வதாகப் பிராண்டூர் கேலி பேசுவான்.

மூன்றாம் நாள் பிற்பகலிலேயே காற்று தாங்காமல் திரும்பிவிட்டார்கள். நாய்கள் வந்தன, போயின. தெபில் மட்டும் இல்லை. ஒத்னி எழுந்து குதிரைக் கொட்டகைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். அது மூலையில், வெளிச்சத்துக்கு முதுகு காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. ஒத்னி முகத்தைத் திருப்பினாள். வலது கண் அவளைப் பார்த்தது. இடது கண் இறுக மூடியிருந்தது. இமையோரம் முடியெல்லாம் பச்சை மஞ்சளாக ஒட்டிக் காய்ந்து, அதன் மேல் புதிதாகக் கெட்டியாக வழிந்துகொண்டிருந்தது. நனைத்து, ஊறவைத்து, மெதுவாக எடுத்தாள். நான் இமையை லேசாகத் தூக்கினேன். நாய் முனகித் தலையை இழுத்துக்கொண்டது. அந்த ஒரு நொடியில் பார்த்தது போதும். வெள்ளை முழுக்கச் சிவப்பு. கருவிழியின் ஓரத்தில் ஒரு இடம் மங்கலாக இருந்தது.

ஊல்வார் கொட்டகைக்கு வெளியே குதிரையின் குளம்பைத் தூக்கி வைத்துக் கல் நோண்டிக்கொண்டிருந்தான். ஒத்னி பஞ்சை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றாள்.

"ஊல்வார், இது மணல் இல்ல."

"மணல்தான். எல்லா நாய்க்கும் ஒழுகுது."

"எல்லா நாய்க்கும் ரெண்டு கண்ணுலயும் தண்ணியா ஒழுகுது. இதுக்கு ஒரு கண்ணு. பாரு, என்ன நெறம்னு பாரு."

அவன் பார்க்கவில்லை. குளம்பில் கல் எதுவும் இல்லை; அது எனக்கே தெரிந்தது.

இதற்குள் பிராண்டூர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, தன் சேணப்பையில் களிம்பு ஒன்று இருக்கிறது, போன வருடம் குதிரைக்குக் கண் வீங்கியபோது கொடுத்தது, பாதி மிச்சம் இருக்கிறது, இரண்டு தரம் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லி அதை எடுத்து நீட்டினான். நல்ல மனசோடுதான் சொன்னான். எங்கள் வீடுகளில் எல்லாம் அப்படி ஒரு பாதிக் குழாய் இருக்கும்; மாட்டுக்கு வாங்கியது ஆட்டுக்கு, ஆட்டுக்கு வாங்கியது நாய்க்கு. வீக்கம் வற்றக் கொடுக்கும் சில களிம்புகளைப் புண்ணான கருவிழியில் போட்டால் புண் ஆழமாகி ஓட்டையாகிவிடும். முதியோர் இல்லத்தில் மனிதர்களின் கண்ணுக்கே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், ஒருவருடைய மருந்தை இன்னொருவருக்குப் போடாதே என்பது.

"எடுத்த எடத்துலயே வெச்சுடு பிராண்டூர்," என்றாள் ஒத்னி. பிறகு ஊல்வாரிடம், சாப்பாட்டு வண்டி இருக்கிறது, நாயைக் கீழே மருத்துவரிடம் கொண்டுபோகிறேன் என்றாள்.

நாளைக்குக் கிழக்குப் பள்ளத்தாக்கு, தெபில் இல்லாமல் முடியாது என்றான் அவன். அது பொய்யில்லை. அங்கே எரிமலைக் குழம்பு இறுகிய பிளவுகளுக்குள் ஆடுகள் போய் ஒண்டிக்கொள்ளும். வாசலில் நின்று விடாமல் குரைத்து அவற்றை வெளியே வரவைக்க அந்த நாயைப்போல் வேறு இல்லை.

"இத்தனை பேர் இருக்கீங்க. ஒருத்தருக்குமா குரைக்கத் தெரியாது?"

"எனக்குத் தெரியும். ஆனா ஆடுங்க என்னை நம்பாது," என்றான் பிராண்டூர். அவனே களிம்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனான்.

ஊல்வார் குளம்பைக் கீழே விட்டான். நிமிர்ந்தும் அவன் அந்தப் பஞ்சைப் பார்க்கவில்லை. கொட்டகை வாசலைப் பார்த்துக்கொண்டு, "பாத்தா எடுத்துடுவாங்க ஒத்னி," என்றான்.

அப்போதுதான் எனக்கு மோரி நினைவு வந்தது. தெபிலுக்கு முன்னால் இருந்த நாய். அதற்கும் ஒரு கண்ணில் அடிபட்டு, கீழே கொண்டுபோய், மருத்துவர் கண்ணை எடுத்துவிட வேண்டியதாயிற்று. ஒற்றைக் கண்ணோடு அது உற்சாகமாகத்தான் வேலை செய்தது. அடுத்த இலையுதிர் காலத்தில், பார்வை இல்லாத பக்கமாகப் பிளவில் விழுந்து செத்தது. கயிறு கட்டி இறங்கி அதை மேலே கொண்டுவந்தவன் ஊல்வார். அன்றிலிருந்து அவன் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

ஆக, அவன் மணல் என்று சொன்னது எங்களிடம் அல்ல, தனக்கேதான். நாயின் கண்ணை ஆற்றில் அவன் துடைத்திருக்கிறான். பார்த்தும் இருக்கிறான்.

ஒத்னி ஆறுதல் சொல்லும் ரகம் இல்லை. "எடுக்கணும்னா எடுப்பாங்க," என்றாள். "இன்னைக்குப் போனா எடுக்காம இருக்கறதுக்கு வழி இருக்கு. வாரம் முடிஞ்சு போனா அந்த வழியும் இல்ல. நீ வர வேணாம். உன்னால இதை விட்டுட்டு வரவும் முடியாது. நாயை மட்டும் என்கிட்ட குடு."

எங்கள் பக்கத்தில் ஒருவன் நாயை இன்னொருவர் கையில் கொடுப்பதில்லை. மேட்டில் இருக்கும்போது அதைக் கேட்பதும் இல்லை. ஊல்வார் குளம்பு நோண்டும் கம்பியைக் கீழே வைத்தான். பிறகு கொட்டகைக்குள் போய், நாயின் கழுத்துப் பட்டையில் கயிற்றைக் கட்டி, அந்த முனையைக் கொண்டுவந்து ஒத்னியின் கையில் வைத்தான். அவள் விரல்களை மூடிக்கொண்ட பிறகும் சற்று நேரம் அவன் விடவில்லை.

சமையல்காரி தேடலின் நடுவே குடிசையை விட்டுப் போனதாக எங்கள் ஊரில் கதையே கிடையாது. அடுப்பில் ஆட்டிறைச்சி சூப் பாதி வெந்திருந்தது. ஒத்னி கரண்டியைப் பிராண்டூர் கையில் கொடுத்து, கிழங்கு வெந்த பிறகு உப்புப் போடு, அதற்கு முன் ருசி பார்க்காதே, பார்த்தால் தீர்த்துவிடுவாய் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள். நான் நாயை மடியில் வைத்துக்கொண்டேன். அது கண்ணைத் தேய்க்காமல் முன்கால்கள் இரண்டையும் பிடித்துக்கொள்வது என் வேலை. வெயில் பட்டால் துடித்ததால் ஜன்னலில் பாத்திரம் துடைக்கும் துணியைச் சொருகினேன்.

ஆற்றைக் கடக்கும் இடத்தில் ஒத்னி இறங்கி, தண்ணீர் எந்தக் கல் வரை வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து, வண்டியை ஆற்றில் இறக்கினாள். தண்ணீர் கதவின் அடி வரை வந்தது. அக்கரை ஏறினோம்.

"உனக்கு நாய் பிடிக்காதுன்னு நெனச்சேன்," என்றேன்.

"பிடிக்காது யோருன். அதோட மூக்கு என் முட்டியில ஈரமா இருக்கு, அதுவும் பிடிக்கல. அதுக்காகக் கண்ணு போகணுமா?" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, பாதையைப் பார்த்தபடியே, "முதல் நாளே நானும் மணல்னுதான் சொன்னேன்," என்றாள். ஆறுதல் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது; நாயின் முன்கால்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கீழே மருத்துவர் ஸ்வாலா சாப்பிட உட்காரப் போனவள் எழுந்து வந்தாள். மரத்துப்போகும் சொட்டுகளை விட்டாள். நாயின் உடம்பு அப்போதுதான் தளர்ந்தது. ஒரு சாயத்தை ஒரு சொட்டு விட்டுக் கழுவி, விளக்கை அணைத்து, நீல விளக்கை அடித்துக் காட்டினாள். கருவிழியில் கீறல் இருந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிர்ந்தது. பிறகு சின்ன இடுக்கியால் மூக்குப் பக்கத்து உள் இமையை மெல்லப் பிரட்டினாள். நாய்களுக்கு அங்கே மூன்றாவதாக ஓர் இமை உண்டு. அதன் பின்னால், கண்ணாடிச் சில்லுபோல் கூராக, ஒரு கரிய மணல் துணுக்கு.

எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தாள். நாங்கள் இருவரும் குனிந்து பார்த்தோம்.

"மணல்தான்," என்றாள் ஒத்னி, மெதுவாக.

மணல்தான். ஊரே சொன்னது சரிதான். ஆனால் கண்ணீரில் கழுவிப்போகாமல் உள்ளே மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு இமைப்பிலும் கருவிழியைச் சுரண்டிக்கொண்டிருந்த மணல். சுரண்டிய இடத்தில் கிருமி ஏறியிருந்தது. ஆழமாகவில்லை என்றாள் ஸ்வாலா. களிம்பு எதுவும் போட்டீர்களா என்று கேட்டாள். இல்லை என்றதும் தலையாட்டினாள். கண்ணை எடுக்க வேண்டாமா என்று ஒத்னி கேட்டாள். வேண்டாம் என்றாள் அவள். சொட்டு மருந்து தவறாமல் விட வேண்டும், நாய் தேய்க்காமல் கழுத்தில் கூம்புப் பட்டை போட வேண்டும், சில நாளில் மறுபடி காட்ட வேண்டும். ஒரு சின்னத் தழும்பு மிஞ்சலாம். கதவருகே போன பிறகு ஒத்னி திரும்பி நின்று அதே கேள்வியை இன்னொரு முறை கேட்டாள். தனக்காக அல்ல என்று எனக்குத் தெரியும். அதே பதிலை இன்னொரு முறை வாங்கிக்கொண்டு வந்தாள்.

அன்று என் வீட்டில் தங்கினோம். மேட்டில் தொலைபேசி எடுக்காது.

மறுநாள் விடிந்ததும் ஒத்னி கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, தெபிலின் இடது கண்ணைத் துடைத்து, பஞ்சை ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். பச்சை முழுசாகப் போகவில்லை, ஆனால் வெளுத்து நீர்த்திருந்தது. கண் பாதி திறந்து அவளைப் பார்த்தது, பிறகு என் கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தது. "சரி, கெளம்பு," என்றாள்.

ஆற்றில் தண்ணீர் இறங்கியிருந்தது. காற்று நின்று மேட்டில் பனிமூட்டம் கவிந்திருந்ததால் ஆட்கள் இன்னும் கிளம்பவில்லை. குதிரைகள் சேணத்தோடு நின்றன. வண்டிச் சத்தம் கேட்டு எல்லாரும் வெளியே வந்தார்கள். ஊல்வார் தன் குதிரையின் அருகே நின்றான், வரவில்லை. வண்டிக்குள் கூம்புப் பட்டையின் ஓரம்தான் தெரிந்திருக்கும். நாயின் முகம் தெரிந்திருக்காது. அவன் கை சேணத்து வாரைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தேன்.

ஒத்னி கதவைத் திறந்து இறங்கி, அங்கிருந்தபடியே சொன்னாள்:

"ரெண்டும் இருக்கு."

அவன் வந்தான். வேகமாக வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே வந்து, வண்டிப் படியருகே நின்று, அப்புறம்தான் தலையைத் தூக்கினான். தெபில் பட்டையோடு அவன் மார்பில் போய் முட்டியது. அவன் கை அதன் முகத்துக்குப் போனது. ஒத்னி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"குதிரையைத் தொட்ட கை. கழுவிட்டு வா."

மலை ராஜா வாளியருகே போய், சட்டைக் கையை மடித்து, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினான். அவன் திரும்பி வந்ததும் ஒத்னி நாயின் தாடையை ஏந்திப் பிடித்து, புட்டியின் முனை கண்ணில் படக் கூடாது, மேலிருந்து காட்டாதே, பக்கத்திலிருந்து கொண்டுவா என்று சொன்னாள். முதல் சொட்டு மூக்கில் விழுந்தது. இரண்டாவது கண்ணில் விழுந்தது. தெபில் கண்ணை மூடித் திறந்தது.

"அடுத்தது எப்ப?" என்று கேட்டான்.

"மத்தியானம். நான் விடறேன். அதுக்கு அடுத்தது நீ."

பனிமூட்டம் கிழக்கே விலகிக்கொண்டிருந்தது. அவன் புட்டியை மூடி ஒத்னியின் கையில் கொடுத்துவிட்டு, குதிரை ஏறி, ஆட்களைப் பள்ளத்தாக்குப் பக்கம் கூட்டிப்போனான். ஒத்னி தெபிலை இறக்கி, வெயில் ஏறாத பக்கமாகக் கட்டிவிட்டு, கஞ்சிப் பாத்திரத்தைத் தேய்க்க உள்ளே போனாள்.